எழுபது தப்படிக்கு அப்பால் ஹாஜி

அரிசி வியாபாரி ஹாஜி துல்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. பேசும்போது எதிரில் இருப்பவரின் முழங்கையைப் பிடித்துக்கொள்வார். பிடித்த பிறகு தன் முகத்தை அவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுவந்து நிறுத்துவார். நைல் கரை நகரமான மன்சூராவில் அரிசி வாங்குகிற, விற்கிற அத்தனை பேருக்கும் இது தெரியும் என்பதால், ஒரு மூட்டையையாவது நடுவில் போட்டுக்கொண்டுதான் அவரோடு பேரம் பேசுவார்கள். ஷஹாத்தாவின் அச்சகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த இஸ்மத்துக்கு இது தெரிந்திருக்கவில்லை. அவள் அரிசியைச் சந்தில் இருந்த சின்னக் கடையில் வாங்கிக்கொண்டிருந்தாள்.

ஒரு காலை நேரம் ஹாஜி அச்சகத்துக்குள் வந்தார். நேராக அவள் மேஜையைச் சுற்றி உள்ளே வந்து முழங்கையைப் பிடித்தார்.

"என்ஜினியரம்மா, இந்தப் படத்த பெருசாக்கணும்."

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் அந்த ஊரில் என்ஜினியர்தான். இஸ்மத் படித்தது விவசாயம். அதிலும் பருத்தியைத் தின்னும் பூச்சிகளைப் பற்றி. அந்தப் படிப்பை யாரும் கேட்காததால் ஒன்பது வருடமாகக் கல்யாணப் பத்திரிகையும், பல் டாக்டர் பலகையும், கடை போர்டும் செய்துகொண்டிருந்தாள்.

"எவ்வளவு பெருசா, ஹாஜி?"

"மணிக்கூண்டு சதுக்கத்துல நான் ஒரு கட்டடம் கட்டுறேன்ல? அஞ்சு மாடி. அது மறையணும்."

அவர் நீட்டிய போனை வாங்கிப் பார்த்தாள். அடையாள அட்டையில் இருந்த முகத்தை யாரோ ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை யாரோ போனில் எடுத்து, அது நாலு பேர் போன் வழியாக இவரிடம் வந்து சேர்ந்திருந்தது. அகலத்தில் தொண்ணூறு பிக்சல் புள்ளி, உயரத்தில் நூற்றிருபது புள்ளி. அந்துப்பூச்சியின் இறக்கையில்கூட அவள் இதைவிட அதிகம் எண்ணியிருக்கிறாள்.

"அஞ்சு மாடிக்கு இது பத்தாது. ஒரு ஜன்னலுக்கே பத்தாது. இப்படி உக்காருங்க, இப்பவே புதுசா ஒண்ணு எடுத்துரலாம். ரெண்டு நிமிஷ வேல."

"இப்ப இருக்குற மூஞ்சி எனக்கே புடிக்கல. அத எதுக்கு ஊருக்குக் காட்டணும்?" ஹாஜியின் மூக்கு அவள் மூக்கைத் தொட்டுவிடும் போலிருந்தது. இஸ்மத் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். பின்னால் சுவர். "இந்தப் படத்துல நான் சிரிக்கிறேன். பாத்தியா? அதுக்கப்புறம் எந்தக் கேமராவுக்கும் நான் சிரிச்சதில்ல."

பெரிதாக்குவதற்குக் காரணம் அரிசி வியாபாரிகள் சங்கத் தேர்தல். தலைவர் பதவிக்கு ஹாஜி நின்றார், அபூ தைஃப் என்ற இன்னொரு வியாபாரியும் நின்றார். அபூ தைஃப் தன் அரிசி ஆலைமேல் மூன்று மாடி உயரத்துக்கு பிளெக்ஸ் பேனர் கட்டி ஒரு வாரம் ஆகியிருந்தது.

"சங்கத்துல மொத்தம் எத்தன ஓட்டு, ஹாஜி?"

"நாப்பத்தொண்ணு."

"நாப்பத்தோரு பேரும் தினம் உங்களப் பாக்குறவங்கதானே?"

"பாக்குறாங்க," என்றார் ஹாஜி. "பெருசா பாக்கல."

அந்த நேரம் பார்த்து முதலாளி ஷஹாத்தா உள்ளறையிலிருந்து வந்தார். வாடிக்கையாளரிடம் 'ஆகாது' என்ற சொல்லை அவர் வாழ்நாளில் சொன்னதில்லை. ஒருமுறை ஒருவர் தண்ணீரில் எழுத்து அச்சடிக்க முடியுமா என்று கேட்டபோது, எந்தத் தண்ணீர் என்று திருப்பிக் கேட்டவர். "ஆகும் ஹாஜி, தாராளமா ஆகும்," என்றார். ஹாஜி எழுதித் தரச் சொன்னார். ரசீதுப் புத்தகத்தில் ஷஹாத்தா அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார்: ஐந்து மாடி, தரம் ஒரு புள்ளியும் குறையாமல்.

ஹாஜி போன பிறகு இஸ்மத், "முதலாளி, இல்லாத புள்ளிய நான் எங்கேருந்து கொண்டாறது?" என்று கேட்டாள்.

"அதுக்குத்தானே புரோகிராமு இருக்கு?"

"புரோகிராமு என்ன பண்ணும் தெரியுமா? ரெண்டு புள்ளிக்கு நடுவுல எடம் விட்டா, பக்கத்துல இருக்குறவன்ட்ட கேட்டு அதுவா ஒரு புள்ளிய இட்டுக்கட்டும். அவ்வளவுதான். அஞ்சு மாடிக்கு இட்டுக்கட்டினா அதுக்குப் பேரு ஹாஜி இல்ல, வதந்தி."

"நல்ல வதந்தியா பாத்துப் பண்ணு," என்று சொல்லிவிட்டு ஷஹாத்தா தேநீர் சொல்லப் போனார்.

அவளுக்குத் தெரிந்த முதல் வழி, மூலப் படத்தைத் தேடுவது. ஹாஜிக்கு போன் செய்தாள். அசல் படம் அவர் மனைவியின் பணப்பையில் இருப்பதாகத் தெரிந்தது. மறுநாள் அந்த மனைவி, ஹாஜா நபவிய்யா, தானே வந்தார். குள்ளமான, அகலமான பெண்மணி. பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து, அதிலிருந்து கட்டைவிரல் அளவுப் படத்தை எடுத்து, மேஜைமேல் வைத்து, படத்தின்மேல் ஒரு விரலையும் வைத்துக்கொண்டார்.

"முப்பத்தோரு வருசமா இது எங்கூடத்தான் இருக்கு. வேல முடியறவரைக்கும் நான் இங்கதான் உக்காந்திருப்பேன்."

இஸ்மத் அதை ஸ்கேனரின் கண்ணாடியில் வைத்து, ஸ்கேனர் தாங்குகிற அளவுக்கு நெருக்கமாக வருடவிட்டாள். இப்போது புள்ளிகள் ஆயிரத்துக்கு மேல் வந்தன. ஆனால் அவற்றில் பாதி தாளின் சொரசொரப்பு. உண்மையில் ஹாஜி என்று சொல்லத்தக்கவை அகலத்தில் முந்நூறு, உயரத்தில் ஐந்நூறு இருக்கும். போனில் வந்ததைவிட எவ்வளவோ மேல். அந்தச் சிரிப்பில் மேல்வரிசைப் பல் நான்கு தெரிந்தது.

படத்தின் அளவைக் கேட்கும் சின்னக் கட்டத்தைத் திறந்தாள். அகலத்தையும் உயரத்தையும் பிணைக்கும் சங்கிலி மாட்டியிருக்கிறதா என்று முதலில் பார்த்தாள். அது கழன்றிருந்தால் ஹாஜி குண்டாகிவிடுவார், அல்லது ஒட்டகமாகிவிடுவார். பிறகு, புதுப் புள்ளிகளை எப்படி நிரப்புவது என்று அந்தப் புரோகிராம் தரும் வழிகள் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். ஒன்றில் ஹாஜி சதுரம் சதுரமாக, குளியலறைச் சுவர் போல வந்தார். இன்னொன்றில் சவர்க்காரம் போல வழவழத்தார். மூன்றாவதில் முகத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு கட்டி, புண்ணியவானாகத் தெரிந்தார். ஒரே தாவலாகப் பெரிதாக்காமல் பத்துப் பத்து சதவீதமாக ஏற்றினால் நன்றாக வரும் என்று எங்கோ கேட்டிருந்தாள். ஏற்றிப் பார்த்தாள். இருபது முறை ஏற்றியதும் ஹாஜி பனிமூட்டத்தில் நின்றுகொண்டு யாருக்கோ காத்திருப்பவர் போல ஆனார்.

கடைசியாக, இல்லாததை ஊகித்துச் சேர்க்கும் ஒரு புதுவகைப் புரோகிராமை ஷஹாத்தாவின் மருமகன் கொண்டுவந்து போட்டுக் கொடுத்தான். அது கால் மணிநேரம் யோசித்தது. கம்ப்யூட்டரின் விசிறி விமானம் போல இரைந்தது. பிறகு திரையில் ஒரு மனிதர் வந்தார். மயிர்க்கால் மயிர்க்காலாகப் புருவம். தோலில் துளைகள். கண்ணில் ஜன்னல் வெளிச்சம். பளிச்சென்று இரண்டு வரிசைப் பல், எண்ணினால் முப்பத்தாறு.

ஹாஜா நபவிய்யா எழுந்து வந்து திரையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"யாரும்மா இவரு?"

"ஹாஜிதான்... அப்படின்னு இது சொல்லுது."

"அவரு இல்ல." இன்னும் கொஞ்சம் பார்த்தார். "ஆனா நல்லாருக்காரு. கல்யாணம் ஆனவரா?"

"ஹாஜா, இவரு ஆளே இல்ல. புரோகிராம் செஞ்சது."

"ஆளே இல்லாதவரு இவ்வளவு தெளிவா இருக்காரு. என் வீட்டுக்காரரு ஆளா இருந்தும் மங்கலா இருக்காரு." அவர் மறுபடி போய் உட்கார்ந்தார். ஆனால் நாற்காலியைத் திரை தெரிகிற மாதிரி திருப்பிப் போட்டுக்கொண்டார்.

மதியம் ஹாஜி வந்தபோது மனைவி அந்த மனிதரைப் பார்த்துக்கொண்டு சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார். ஹாஜி திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துப் பார்த்தார்.

"இவன் யாரு?"

"உங்களவிட உங்கள மாதிரி இருக்குறவரு," என்றார் மனைவி.

"இவன அழி," என்றார் ஹாஜி. இஸ்மத் அழித்தாள். குப்பைத்தொட்டியிலிருந்தும் அழிக்கச் சொன்னார். அதையும் செய்தாள். ஹாஜா விதைத்தோலைத் தட்டிவிட்டு, தன் படத்தை உறையில் போட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். அன்று மாலை வரை அவர் கணவரோடு பேசவில்லை என்று பிறகு தெரிந்தது.

கடைசியில் இஸ்மத் நேர்மையான வழிக்கு வந்தாள். கண் பார்க்கும் தூரம் என்று ஒன்று உண்டு. கையில் வைத்துப் படிக்கும் பத்திரிகைக்கு வேண்டிய புள்ளிகள் கட்டடத்தில் தொங்கும் பேனருக்குத் தேவையில்லை. தூரம் போகப் போகக் கண்ணே புள்ளிகளைச் சேர்த்துக்கொள்ளும். அவள் காகிதத்தில் கணக்குப் போட்டாள். பன்னிரண்டு மீட்டர் உயர ஹாஜி, ஐந்நூறு புள்ளி, ஒரு புள்ளி ஒரு விரற்கடைக்கு மேல். எழுபது தப்படி தள்ளி நின்றால் ஒரு குறையும் தெரியாது. கொஞ்சம் கூர்மை ஏற்றி, வழவழப்பு தெரியாமலிருக்க மணல் தூவியது போல் மெல்லிய சொரசொரப்பும் சேர்த்து, ஷஹாத்தாவின் இயந்திரத்தில் ஆறு பட்டைகளாக அச்சடித்தார்கள். பட்டைகளைச் சூடு வைத்து ஒட்டினார்கள்.

தொங்கவிட்ட அன்று சதுக்கத்தின் எதிர்க்கரையில் ஹாஜி, ஹாஜா, ஷஹாத்தா, சங்கத்துக்காரர்கள் பத்துப் பேர் நின்றார்கள். துணி விரிந்து இறங்கியதும் எல்லாரும் ஒரே குரலில் மாஷா அல்லாஹ் என்றார்கள். முப்பத்தோரு வருடத்துக்கு முந்தைய துல்பா மணிக்கூண்டைவிட உயரமாக நின்று சிரித்தார். ஹாஜியின் கண் கலங்கியது. இஸ்மத்தும் பார்த்தாள். அவளுக்குப் பழுப்பாக ஒரு தீற்றல்தான் தெரிந்தது. மற்றவர்கள் மரியாதைக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஹாஜிக்கு எதையும் கிட்டப் போய்ப் பார்க்காவிட்டால் ஆகாது. தன் சிரிப்பைப் பார்த்தபடியே நடக்க ஆரம்பித்தார். ஐம்பது தப்படியில் சிரிப்பு தயங்கியது. முப்பதில் பற்கள் ஒன்றோடொன்று கலந்தன. பேனருக்கு அடியில் போய் அண்ணாந்தபோது அங்கே முகமே இல்லை. பழுப்பும் இளஞ்சிவப்புமாகத் திட்டுகள் மட்டும். திரும்பி ஓடிவந்தார். எழுபதாவது தப்படியில் மறுபடி முகம் வந்தது. இப்படி மூன்று முறை போய்வந்தார்.

"ஷஹாத்தா," என்று முழங்கையைப் பிடித்தார். "எட்டப் போனா இருக்கேன். கிட்ட வந்தா காணாமப் போறேன். இதுக்குப் பேரு தரமா?"

"வீட்டுலயும் அதே கததான்," என்றார் ஹாஜா பக்கத்தில் நின்ற யாரிடமோ.

ஹாஜி சட்டைப்பையிலிருந்து ரசீதை எடுத்து உரக்கப் படித்தார். ஒரு புள்ளியும் குறையாமல். சுற்றி நின்றவர்கள் ஷஹாத்தாவைப் பார்த்தார்கள். ஷஹாத்தா இஸ்மத்தைப் பார்த்தார்.

"படத்துல கொற இல்ல ஹாஜி," என்றாள் இஸ்மத். "எழுபது தப்படிக்கு உள்ள வந்து பாக்குறதுதான் கொற."

இதை அவள் விளக்கமாகத்தான் சொன்னாள். ஷஹாத்தா அதைத் தீர்வாக எடுத்துக்கொண்டார்.

"ஆகும் ஹாஜி. யாரும் உள்ள வந்து பாக்காம பண்ணிரலாம்."

மறுநாள் காலை சதுக்கத்தின் குறுக்கே சுண்ணாம்பில் வெள்ளைக் கோடு இருந்தது. கோட்டின் இரண்டு முனையிலும் ஹாஜியின் ஆலையிலிருந்து வந்த இரண்டு மூட்டை தூக்கிகள் நின்றார்கள். நடுவில் ஒரு பலகை. அதை அச்சடித்தவளும் இஸ்மத்தான். 'இந்தக் கோட்டைத் தாண்டியவர்கள் ஹாஜியைப் பார்க்க வேண்டாம். நடக்கலாம்.' கடைசி வார்த்தையை அவளாகச் சேர்த்திருந்தாள். இல்லாவிட்டால் போக்குவரத்து நின்றுபோகும்.

சதுக்கம் என்றிருந்தால் கோட்டுக்கு உள்ளேயும் மனிதர்கள் இருப்பார்கள். அவித்த மொச்சை விற்கும் ஃபூல் வண்டி உள்ளே நின்றது. வண்டிக்காரர் வண்டியைத் திருப்பி நிறுத்த, ஜனங்கள் பேனருக்கு முதுகைக் காட்டியபடி ரொட்டி தின்றார்கள். கரீபின் காப்பிக்கடையும் உள்ளேதான். மூட்டை தூக்கிகளில் ஒருவன் போய் நாற்காலிகளை மறுபுறம் திருப்பச் சொன்னான்.

"என் கடையில நான் எந்தப் பக்கம் பாக்கணும்னு துல்பா சொல்லுவானா?" என்றார் கரீப். "நாப்பது வருசமா அந்தக் கட்டடத்துப் பக்கம் பாத்துத்தான் உக்காந்திருக்கோம்."

"அங்க அப்ப கட்டடம் இல்லியே அண்ணே."

"காலி மனையத்தான் பாத்தோம். உனக்கென்ன?"

ஆனால் வாடிக்கையாளர்களே திருப்பிக்கொண்டார்கள். ஐந்து மாடி உயரத்துக்கு ஒரு ஆளின் கன்னம் தலைக்கு மேலே தொங்கும்போது நிம்மதியாகப் பகடை உருட்ட முடியவில்லை. திருப்பிப் போட்ட பிறகுதான், மறுபக்கம் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே நைல் நதி தெரிவதைக் கண்டார்கள். படகு போனது. கரீப் தேநீர் கொண்டுவந்தவர் தட்டோடு அங்கேயே நின்றுவிட்டார். அன்றிலிருந்து அவர் கோட்டைப் பற்றிக் குறை சொல்லவில்லை.

அபூ தைஃப் சும்மா இருப்பாரா? அவர் ஆட்கள் மூன்று பேர் கோட்டைத் தாண்டி வந்து பேனருக்கு அடியில் நின்று போனில் படம் எடுத்துச் சங்கத்தின் குழுவில் போட்டார்கள். 'இது ஹாஜி துல்பாவா, பூசணம் பிடித்த ரொட்டியா?' என்று எழுதியிருந்தார்கள். நாற்பத்தோரு பேரும் சரிபார்க்க வந்தார்கள். கோட்டில் நின்றார்கள், ஹாஜி தெரிந்தார். உள்ளே வந்தார்கள், ரொட்டி தெரிந்தது. திரும்பிப் பின்பக்கமாகவே நடந்து போனார்கள், எத்தனாவது தப்படியில் சிரிப்பு வருகிறது என்று எண்ணிக்கொண்டே. இது ஊரில் ஒரு விளையாட்டாகிவிட்டது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தவர்கள் குடும்பம் குடும்பமாகப் பின்னோக்கி நடந்தார்கள். இரண்டு பேர் மோதிக்கொண்டு, மோதியவர் மகனுக்கும் மோதப்பட்டவர் மகளுக்கும் நிச்சயம் ஆனது.

இதில் நிஜமாகவே பலன் அடைந்தவர் மூக்குக்கண்ணாடிக் கடை லூக்கா. அவர் கடைச் சுவரில் இருந்த எழுத்து அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, வாடிக்கையாளர்களைச் சதுக்கத்துக்கே கூட்டிவந்துவிட்டார். பேனரின் அடியிலிருந்து பின்னால் நடக்கவிடுவார். சிரிப்பு வரும்போது சொல்லச் சொல்வார். அந்தச் சிரிப்பு எழுபதில் வந்து நூற்றிருபது வரை தெளிவாக நின்றால் கண் நல்ல கண். அதற்குள் கலைந்தால் கண்ணாடி.

இஸ்மத் அந்த நாட்களில் சதுக்கத்தைத் தவிர்த்துச் சந்து வழியாகவே வீட்டுக்குப் போனாள். ஒரு மதியம் லூக்கா அச்சகத்துக்கு வந்து, கண் பரிசோதனைச் சீட்டு அச்சடித்துத் தரக் கேட்டார். 'சிரிப்பு தெரிந்த தப்படி' என்று ஒரு கட்டம் வேண்டும் என்றார்.

"டாக்டர், நீங்களுமா அவர சந்தோஷப்படுத்துறீங்க?" என்றாள் அவள். "அங்க சிரிப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் செஞ்சது எனக்குத் தெரியாதா? கணக்கு எங்கியோ தப்பிப்போச்சு. எல்லாரும் ஹாஜி மனசு நோகக்கூடாதுன்னு நடிக்கிறாங்க."

லூக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எந்திரிங்க என்ஜினியரம்மா. ஒரு நடை வந்துட்டுப் போங்க."

கோட்டில் நிறுத்தினார். அவளுக்கு அதே பழுப்புத் தீற்றல். லூக்கா தன் பெட்டியைத் திறந்து இரும்புச் சட்டம் ஒன்றை அவள் மூக்கில் மாட்டி, வட்டக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக உள்ளே செருகினார். நான்காவது கண்ணாடியில் ஹாஜி துல்பா திடீரென்று வந்து நின்றார். புருவம், மீசை, கழுத்துப் பட்டையின் தையல். அந்த நான்கு பற்கள். காதருகே ஒரு மயிர் காற்றில் பறந்துகொண்டிருந்தது, அல்லது பறப்பதாகத் தோன்றியது. புரோகிராம் அதை இட்டுக்கட்டியிருக்கலாம். ஆனால் சரியாக இட்டுக்கட்டியிருந்தது.

"நல்லா வந்திருக்கு," என்றாள் இஸ்மத், மெதுவாக.

"எத்தன வருசமா இப்படி?"

"கம்ப்யூட்டர் எப்பவும் கிட்டத்தானே இருக்கு, டாக்டர். எட்ட பாக்குற வேல எனக்கு வரல."

இரண்டு நாளில் கண்ணாடி வந்தது. அதைப் போட்டுக்கொண்டு அச்சகத்துக்கு வந்தவள் தெருவின் எதிர்ப்புறம் நின்றுவிட்டாள். அவள் முதன்முதலில் வடிவமைத்தது ஷஹாத்தாவின் கடை போர்டுதான். 'ஜவ்தா அச்சகம்' என்று போட்டிருந்தாள். அரபியில் ஜவ்தா என்றால் தரம். அந்தச் சொல்லின் முதல் எழுத்தின் வயிற்றில் ஒரு புள்ளி இருக்க வேண்டும். இல்லை. புள்ளி இல்லாவிட்டால் அது 'ஹவ்தா'. தெருத் திருப்பம். ஒன்பது வருடமாக ஊரே 'திருப்பத்து அச்சகம்' என்று சொல்வதை அவள் கேட்டிருக்கிறாள். கடை திருப்பத்தில் இருக்கிறது, அதனால் சொல்கிறார்கள் என்று இருந்துவிட்டாள்.

"முதலாளி, இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்," என்றார் ஷஹாத்தா. "நீ வேலைக்குச் சேர்ந்த புதுசு. மனசு கஷ்டப்படுவியேன்னு விட்டுட்டேன். அப்புறம் அந்தப் பேருலயே ஆளுங்க வர ஆரம்பிச்சுட்டாங்க."

அவள் ஏணி கேட்டாள். வேண்டாம், இப்போது புள்ளி வைத்தால் கடை மாறிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள் என்று அவர் சொல்லிவிட்டார். அதிலும் நியாயம் இருந்தது.

தேர்தலுக்கு ஒரு வாரம் முன்னால் ஹாஜி ஒரு காரியம் செய்தார். வாக்காளர்களை எல்லாம் தன் ஆலையின் நெல் உலர்த்தும் களத்துக்கு அழைத்தார். கறிச்சோறு ஏதாவது கிடைக்கும் என்று நினைத்துப் போனவர்களுக்கு அடுக்கடுக்கான ஃபத்தீர் ரொட்டியும் தேனும் காத்திருந்தன. நாற்காலிகள் களத்தின் ஒரு முனையில். ஹாஜி மறு முனையில், எழுபது தப்படி தள்ளி, மைக்கோடு. பேனருக்கு நல்லது தனக்கும் நல்லதாகத்தான் இருக்கும் என்று அவர் முடிவு செய்திருந்தார்.

அதுவரை ஹாஜியை யாரும் முழுதாகப் பார்த்ததில்லை. எல்லாருக்கும் அவர் ஒரு மூக்கும், வெங்காய வாசனையும், வலிக்கிற முழங்கையும்தான். அன்று முதல்முறையாக அவர் தலை முதல் கால் வரை தெரிந்தார். நிமிர்ந்து நின்றார். மைக் இருந்ததால் கத்தவில்லை. நடுவில் புகுந்து யாரையும் பேசவிடாமல் செய்ய முடியவில்லை, யார் பேசுகிறார்கள் என்றே அவருக்குக் கேட்கவில்லை. யாரோ ஒருவர் உமித் தூசியைப் பற்றிக் கேள்வி கேட்டதற்கு அவர் பெருந்தன்மையாகத் தலையாட்டினார்.

"இந்த ஆளு இவ்வளவு அடக்கமானவனா? தெரியாமப் போச்சே," என்றார் ஒரு கிழ வியாபாரி, ஃபத்தீரைப் பிய்த்தபடி.

எண்ணிக்கையில் ஹாஜிக்கு இருபத்தாறு, அபூ தைஃபுக்கு பதினான்கு. ஒரு சீட்டில் யாரோ லூக்காவின் பெயரை எழுதியிருந்தார்கள். அது செல்லாது.

ஜெயித்த பிறகும் ஹாஜி அந்தத் தூரத்தை விடவில்லை. சங்க அலுவலகம் சின்ன அறை. எழுபது தப்படி வேண்டுமென்றால் அவர் தெருவைத் தாண்டி மருந்துக்கடை வாசலில் உட்கார வேண்டியிருந்தது. உட்கார்ந்தார். கூட்டங்கள் போனில் நடந்தன, ஜன்னல் வழியாகக் கையசைத்துக்கொண்டு. வேலைகள் முன்பைவிடச் சீக்கிரம் முடிந்தன.

ஷஹாத்தாவுக்கு ஆர்டர் குவிந்தது. கட்டைவிரல் அளவுப் படங்களோடு ஆட்கள் வந்தார்கள். ஒருவர் செத்துப்போன தன் காளையின் வாலை மட்டும் கொண்டுவந்து, மிச்சத்தைப் பெரிதாக்கித் தரக் கேட்டார். இஸ்மத் இப்போது முதலில் ஒரு கேள்வி கேட்டாள்: எங்கிருந்து பார்ப்பீர்கள்? பெரும்பாலானவர்கள் யோசித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார்கள்.

மார்ச் மாதம் புழுதிக்காற்றில் பேனரின் ஒரு பக்கம் கிழிந்தது. அவிழ்த்து இறக்கும்போது இஸ்மத்தும் போயிருந்தாள். துணி சதுக்கம் முழுக்கப் பரவிக் கிடந்தது. ஹாஜா நபவிய்யா செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நடந்து, குனிந்து குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். கையில் பெரிய கத்தரிக்கோல்.

"என்ஜினியரம்மா, வாய் எங்க இருக்கு? கிட்டத்துல எனக்கு ஒண்ணும் புரியல."

இஸ்மத் கோட்டுக்கு ஓடிப்போய் நின்று பார்த்தாள். தரையில் படுத்துக் கிடந்ததால் கோணலாகத்தான் தெரிந்தது. இடப்பக்கம், இன்னும் கொஞ்சம், அங்கேதான் என்று கையைக் காட்டினாள். ஹாஜா கீழ் உதட்டின் ஓரத்திலிருந்து வெட்ட ஆரம்பித்தார். திரும்பி வந்து இஸ்மத் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன பண்ணப்போறீங்க இத?"

"மாடியில வாத்து வளக்குறேன். வெயிலு தாங்க மாட்டேங்குது, பாவம்." நான்கு பற்களும் சேதமில்லாமல் வந்ததா என்று தடவிப் பார்த்துக்கொண்டு அவர் மேல் உதட்டைச் சுற்றி வளைத்து வெட்டினார். "மத்தத அவரு என்ன வேணா பண்ணிக்கட்டும்."

இருவரும் அதை நான்காக மடித்தார்கள். பிறகு எட்டாக. அப்படியும் அது ஹாஜாவின் தலைமேல் ஏற்றுகிற அளவுக்கு இருந்தது. இஸ்மத் தூக்கிவிட, அவர் ஒரு கையால் பிடித்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.